எடையா, வேகமா? லேப்டாப் தேர்வில் வாட் கணக்கு

கேமிங் லேப்டாப், மெல்லிய லேப்டாப் என்று கடைகளில் தனித்தனியாக அடுக்கியிருக்கும் இரண்டு வகைகளையும் உண்மையில் பிரித்து வைப்பது வெப்பம். லேப்டாப் இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். மெல்லிய வகையில் இருக்கும் ப்ராசசர் தொடர்ந்து வேலை செய்யும்போது பொதுவாக 15 முதல் 28 வாட் வரை எடுத்துக்கொள்ளும். கேமிங் வகையில் ப்ராசசருக்கே 45 வாட். அதோடு தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு 100 வாட்டுக்கு மேல் போகும். இரண்டும் சேர்ந்து முழு மூச்சில் ஓடினால் 160 வாட் வரை வரும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 60 வாட் பல்பு ஒன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் தடிமனே உள்ள பெட்டிக்குள் வைத்து மணிக்கணக்கில் எரியவிட்டால் எவ்வளவு சூடு தங்குமோ, அவ்வளவையும் அந்த உடம்பு வெளியேற்ற வேண்டும். எடை, தடிமன், ஃபேன் சத்தம், சார்ஜரின் பருமன், பேட்டரி தாங்கும் நேரம், விலை எல்லாம் இந்த ஓர் எண்ணிலிருந்து கிளைப்பவைதான். லேப்டாப் வாங்கப் போகிறவர் ப்ராசசர் பெயருக்கும் கார்டு பெயருக்கும் முன்னால் கேட்க வேண்டியது, இந்த மெஷின் எத்தனை வாட் சூட்டைத் தாங்கும் என்பதைத்தான்.

கேமிங் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் இது கண்ணுக்கே தெரியும். உள்ளே கணிசமான இடம் கணினிக்கானது அல்ல, குளிர்விப்புக்கானது. இரண்டு பெரிய ஃபேன்கள். அவற்றின் ஓரங்களில் சீப்புப் பல் போல நெருக்கமாக அடுக்கிய உலோகத் தகடுகள். ப்ராசசர் மீதும் கிராஃபிக்ஸ் சிப் மீதும் படர்ந்து அந்தத் தகடுகள் வரை ஓடும் தட்டையான செப்புக் குழாய்கள். குழாய்களுக்குள் காற்றை நீக்கிவிட்டுச் சிறிதளவு திரவத்தை அடைத்திருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகி, ஃபேன் பக்க முனையில் குளிர்ந்து மீண்டும் திரவமாகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே திரும்பி வரும். விலை கூடிய மாடல்களில் குழாய்க்குப் பதில் அதே தத்துவத்தில் இயங்கும் அகன்ற தட்டையான அறை ஒன்றை வைக்கிறார்கள். மெல்லிய லேப்டாப்பில் ஒரு சிறிய ஃபேன், ஒன்றோ இரண்டோ குழாய்கள், அவ்வளவுதான். ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. சூட்டை உலோக உடம்பே வாங்கி அறைக்குள் விட்டுவிடுகிறது.

இரண்டு வகைகளும் வெவ்வேறு வழியில் வளர்ந்து வந்தவை. மெல்லிய லேப்டாப் என்ற எண்ணத்தைப் பொதுமக்கள் மனத்தில் பதித்தது 2008 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்டு நிகழ்ச்சி. ஸ்டீவ் ஜாப்ஸ் அலுவலகக் காகித உறை ஒன்றிலிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். எடை சுமார் 1.36 கிலோ, டி.வி.டி. டிரைவ் இல்லை, ஒரே ஒரு யு.எஸ்.பி. துளை. 2011-இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்ற பெயரில் இதே வடிவத்தை விண்டோஸ் லேப்டாப் நிறுவனங்களிடமும் கொண்டுபோனது. அதன்பிறகு டெல், எச்.பி., லெனோவோ, ஏசஸ் எல்லோரிடமும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த மாடல் ஒன்று நிரந்தரமாகிவிட்டது.

கேமிங் லேப்டாப் நெடுநாள் மூன்று நான்கு கிலோ எடையுள்ள கனத்த பெட்டியாகவே இருந்தது. அதை மெலியவைக்கும் முயற்சியில் முக்கியமான திருப்பம் 2017-இல் என்விடியா அறிவித்த மேக்ஸ்-கியூ வடிவமைப்பு. அதை ஏற்று முதலில் வந்த ஏசஸ் செஃபிரஸ், ஜி.டி.எக்ஸ். 1080 கார்டை 18 மில்லிமீட்டருக்கும் குறைவான உடம்பில் அடக்கியது. மூடியைத் திறந்தால் அடிப்பாகமும் சற்றே பிளந்து காற்றுக்கு வழிவிடும். எடை சுமார் 2.2 கிலோ. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைப் புரிந்துகொண்டால் லேப்டாப் தேர்வின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிப் எடுக்கும் மின்திறன், அதாவது வாட், அதன் ஓட்ட வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்துக்கு மேல் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். வேகம் 10 சதவீதம் உயர மின்னழுத்தமும் 10 சதவீதம் உயர வேண்டியிருந்தால், மொத்த மின்திறன் 33 சதவீதம் எகிறிவிடும். கடைசியாகக் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்குத்தான் மிக அதிக வாட் செலவாகிறது. அந்தக் கடைசிக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் சூடு பெருமளவு குறையும், வேகம் சிறிதளவே குறையும். மேக்ஸ்-கியூ செய்தது இதைத்தான். 2020-இல் வந்த ஏசஸ் செஃபிரஸ் ஜி14 இதே கணக்கை இன்னும் முன்னெடுத்துச் சென்றது. 14 அங்குலத் திரை, சுமார் 1.6 கிலோ எடை, ஏ.எம்.டி. ரைசன் ப்ராசசர், 65 வாட்டுக்குக் கட்டுப்படுத்திய ஆர்.டி.எக்ஸ். 2060. கேமிங் லேப்டாப்பைப் பையில் போட்டு நாள் முழுக்கச் சுமக்கலாம் என்று நம்பவைத்த மாடல் அது. அதற்காக வெப்கேமைக்கூட விட்டுவிட்டார்கள்.

இந்தக் கணக்குக்கு வாங்குபவரைப் பாதிக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. ஒரே பெயருள்ள கார்டு வெவ்வேறு லேப்டாப்பில் வெவ்வேறு வாட்டில் ஓடும். ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வைத்துக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. கடையின் விலைச் சீட்டில் இரண்டிலும் 'ஆர்.டி.எக்ஸ். 4060' என்றே எழுதியிருக்கும். குறைந்த வாட்டில் ஓடும் 4060, நிறைய வாட் கிடைக்கும் 4050-க்குப் பின்தங்கிவிடுவதும் உண்டு. மேசைக் கணினிக் கார்டுக்கும் லேப்டாப் கார்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பது இன்னும் பெரிய ஏமாற்றம். மேசைக் கணினியின் ஆர்.டி.எக்ஸ். 4090-க்கு 450 வாட், 24 ஜி.பி. நினைவகம், 16,384 கணக்கிடும் கோர்கள். லேப்டாப்பின் 4090-க்கு அதிகபட்சம் 150 வாட் அளவு, 16 ஜி.பி., 9,728 கோர்கள். உள்ளே இருக்கும் சிலிக்கானே வேறு, பெயர்தான் ஒன்று. பெயரை மட்டும் பார்த்து லட்சக்கணக்கில் பணம் போடக் கூடாது. நிறுவனத்தின் இணையதளத்திலுள்ள முழு விவரப் பட்டியலில் 'டி.ஜி.பி.' அல்லது 'அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் மாடலில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போனாலும் இந்த எண் கிடைக்கும்.

வாட் எண் தெரிந்தாலும், அந்த வாட்டை மெஷின் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தனிக் கேள்வி. ப்ராசசர்கள் ஏறத்தாழ 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும்படி அமைக்கப்பட்டவை. அந்த எல்லையைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள். மெல்லிய லேப்டாப்பில் முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் கேமிங் லேப்டாப்புக்கு நிகரான வேகம் கிடைக்கலாம். செப்பும் அலுமினியமும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் நேரம் அது. அவை நிறைந்ததும் வேகம் இறங்கும். ஒரு வலைப்பக்கத்தைத் திறப்பது, எக்செல் தாளைக் கணக்கிடுவது, ஒரு புகைப்படத்தைத் திருத்துவது எல்லாம் அந்த அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் மெல்லிய லேப்டாப் சுறுசுறுப்பாகத் தெரிகிறது. ஒரு மணி நேர வீடியோவை ஏற்றுமதி செய்வதும், இரண்டு மணி நேரம் விளையாடுவதும் அப்படி முடிபவை அல்ல. கடையில் ஐந்து நிமிடம் தொட்டுப் பார்த்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது.

தமிழ்நாட்டில் இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சூடு வெளியேறும் வேகம், சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. யூடியூபிலும் ஆங்கில இதழ்களிலும் வரும் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. ஏ.சி. இல்லாத ஹாஸ்டல் அறையில் மே மாதப் பிற்பகலில் 35 டிகிரி இருந்தால், சிப்பின் சூடும் ஏறத்தாழ அதே 10, 12 டிகிரி கூடும். சோதனையில் 85 டிகிரியில் நின்ற லேப்டாப் இங்கே 95-ஐத் தொட்டு வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். குளிர்விப்பில் தாராளமாக இடம் விட்டிருக்கும் தடித்த மாடல்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். எல்லையிலேயே ஓடும்படி செதுக்கிய மெல்லிய கேமிங் மாடல்கள் தடுமாறும். ஏ.சி. அறையில் வேலை செய்யாதவர் மிக மெல்லிய கேமிங் லேப்டாப்பைத் தவிர்ப்பது நல்லது. இணையச் சோதனைகளைப் பார்த்து முடிவு செய்பவர்கள் இந்த ஒரு காரணத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

பேட்டரிக் கணக்கு இதைவிட எளிது. மெல்லிய லேப்டாப் வலைப்பக்கம், வேர்டு போன்ற வேலைகளில் 6 முதல் 10 வாட் அளவில் ஓடும். 60 வாட்-மணி பேட்டரி இருந்தால் ஆறு முதல் பத்து மணி நேரம் தாங்கும். கேமிங் லேப்டாப்பில் 80, 90 வாட்-மணி பேட்டரி இருந்தாலும் அதே வேலைக்கு அது 15 வாட் எடுப்பதால் ஐந்து, ஆறு மணி நேரத்தில் தீரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லாத நேரத்திலும் விழித்தே இருக்கும்படி அமைப்பு இருந்தால் இது மூன்று மணி நேரமாகச் சுருங்கும். கேமிங் லேப்டாப் வைத்திருந்து பேட்டரி நிற்கவில்லை என்று வருந்துபவர்கள், நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளில் கிராஃபிக்ஸ் முறை 'ஹைபிரிட்' என்று இருக்கிறதா எனப் பார்த்தாலே பலருக்கு இரண்டு மணி நேரம் கூடிவிடும்.

பேட்டரியை வைத்து விளையாடுவது வேறு விஷயம். 90 வாட்-மணி பேட்டரியிலிருந்து 160 வாட் இழுத்தால் கணக்குப்படி 34 நிமிடம்தான் வரும். ஆனால் அவ்வளவு வேகமாக மின்சாரத்தை வெளியே தரும்படி லேப்டாப் பேட்டரிகள் பொதுவாக அமைக்கப்படுவதில்லை. ஆகவே பிளக்கைக் கழற்றிய கணமே லேப்டாப் தன் வாட்டைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொள்ளும். ஒரு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வேகம் சுவரிலுள்ள சாக்கெட்டோடு கட்டிப்போடப்பட்டது என்பதை வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகள் இதற்கு விலக்கு. அவற்றின் சிப் எடுக்கும் வாட்டே குறைவு என்பதால் பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும். பேட்டரியைப் பெரிதாக்கியும் இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரிக்கு உச்சவரம்பு 100 வாட்-மணி. மிக விலையுயர்ந்த லேப்டாப்புகளிலும் பேட்டரி 99 சொச்சம் வாட்-மணியில் நின்றுவிடுவது அதனால்தான்.

எடையைச் சொல்லும்போது சார்ஜரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளம்பரங்கள் அதை விட்டுவிடுகின்றன. மெல்லிய லேப்டாப் 1.1 முதல் 1.4 கிலோ, அதன் 65 வாட் டைப்-சி சார்ஜர் உள்ளங்கையில் அடங்கும். அதே சார்ஜரில் போனையும் போட்டுக்கொள்ளலாம். மின்சாரம் போனால் தரமான 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறத்தாழ ஒரு முறை நிரப்பிக் கொடுத்துவிடும். கேமிங் லேப்டாப் 2.2 முதல் 2.5 கிலோ, அதன் 230 வாட் அடாப்டர் கறுப்புச் செங்கல் ஒன்றும், இரு பக்கமும் தடித்த வயரும். அரைக் கிலோவுக்கு மேல் வரும் அது, பெரிய மாடல்களில் ஒரு கிலோவை நெருங்கும். ஆக முதுகில் ஏறுவது மூன்று கிலோ. வீட்டிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் கல்லூரிக்குப் போய்வரும் மாணவர் நாலு வருடம் தினமும் சுமக்கப் போகும் எடை இது. ஹாஸ்டலில் தங்கி, மேசையை விட்டு லேப்டாப்பை நகர்த்தாதவருக்கு இந்த எடை ஒரு பொருட்டே அல்ல. டைப்-சி வழியே 240 வாட் வரை அனுப்பும் தரம் 2021-இலேயே வந்துவிட்டது. பல கேமிங் லேப்டாப்புகள் இப்போது டைப்-சியிலும் 100 வாட் வரை சார்ஜ் ஏற்றுக்கொள்கின்றன. அத்தகைய மாடலில் பெரிய அடாப்டரை வீட்டில் வைத்துவிட்டுச் சிறியதை மட்டும் வெளியே எடுத்துப் போகலாம். வாங்கும்போது அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வசதி இது.

இனி, யாருக்கு அந்த வாட் உண்மையிலேயே தேவை என்ற கேள்வி. தமிழ்நாட்டில் லேப்டாப் விற்பனை சூடுபிடிப்பது பொறியியல் கல்லூரிகள் திறக்கும் மாதங்களில். 'இன்ஜினியரிங் படிக்கப் போகிறான், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்' என்று கேட்டு வாங்கும் பெற்றோரில் கணிசமானோர் அந்தப் பணத்தைத் தேவையில்லாத இடத்தில் போடுகிறார்கள். கணினி அறிவியல் மாணவர் நாலு வருடத்தில் பெரும்பாலும் செய்வது பைத்தான், ஜாவா, சி நிரல்கள் எழுதுவது; பிரவுசரில் முப்பது டேப் திறந்து வைப்பது; ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓட்டுவது. இவற்றில் எதற்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். வேண்டியது 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கண்ணை உறுத்தாத திரை, நல்ல கீபோர்டு. 8 ஜி.பி. ரேமில் ஆண்ட்ராய்டு எமுலேட்டரை ஓட்டுவதுதான் உண்மையான துன்பம். அதை எந்த கிராஃபிக்ஸ் கார்டும் தீர்த்து வைக்காது.

மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்குக் கதை சற்று மாறும். ஆட்டோகேடில் 2டி வரைபடங்களுக்கு மெல்லிய லேப்டாப் தாராளம். சாலிட்வொர்க்ஸில் கல்லூரி அளவு உதிரிப் பாகங்களை வரைவதற்குப் பெரிதும் தேவைப்படுவது ப்ராசசரின் ஒற்றைக் கோர் வேகமும் ரேமும்தான். நூற்றுக்கணக்கான பாகங்களை ஒன்றுசேர்க்கும் அசெம்பிளிகளைத் திரையில் சுழற்றும்போதுதான் தனிக் கார்டு கைகொடுக்கும். ஆன்சிஸ் போன்ற பகுப்பாய்வுகளுக்கு நீண்ட நேரம் வேகம் குறையாத ப்ராசசரும் 32 ஜி.பி. ரேமும் வேண்டும், அதாவது நல்ல குளிர்விப்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே கேமிங் லேப்டாப் அவர்களுக்குப் பொருந்தும். இவர்கள் மேக்புக் பக்கம் போகவே கூடாது. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் இரண்டுக்கும் மேக் பதிப்பு இல்லை. ஆர்க்கிடெக்சர் படிப்பவர் கட்டட மாதிரிக்கு ஒளியும் நிழலும் சேர்த்துப் படமாக்கும் ரெண்டரிங் வேலையை வாராவாரம் செய்வார். பிளெண்டர், லூமியன் போன்றவை கிராஃபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ். மாணவர்களுக்கும் இதே நிலைதான். இவர்களுக்குத் தனிக் கார்டு ஆடம்பரம் அல்ல, தொழிற்கருவி.

வீடியோ எடிட்டிங் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. போனில் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டி யூடியூபில் ஏற்றுபவருக்கு, இன்டெல் ப்ராசசர்களிலும் ஆப்பிள் சிப்களிலும் வீடியோவுக்கென்றே தனியாக அமைந்திருக்கும் பகுதி போதுமான வேகம் தரும். டாவின்சி ரிசால்வில் நிறத் திருத்தமும் இரைச்சல் நீக்கமும் அடுக்கடுக்காகச் செய்யும்போதுதான் தனிக் கார்டின் அருமை தெரியும்.

செயற்கை நுண்ணறிவு படிப்பவர்கள் என்விடியா கார்டைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. அந்தத் துறையின் மென்பொருள்கள் பெரும்பாலும் என்விடியாவின் 'கூடா' (CUDA) என்ற நிரலாக்கத் தளத்தை ஒட்டியே வளர்ந்தவை. ஆனால் இங்கே வேகத்தைவிட முந்திக்கொண்டு தடுப்பது கார்டின் நினைவகம். 700 கோடி அளவுருக்கள் கொண்ட ஒரு மொழி மாதிரியை 16 பிட் துல்லியத்தில் ஏற்றினால் அளவுருக்களுக்கே 14 ஜி.பி. வேண்டும், 4 பிட்டாகச் சுருக்கினால் மூன்றரை ஜி.பி. போதும். லேப்டாப் கார்டுகளில் பரவலாகக் கிடைப்பது 6 ஜி.பி., 8 ஜி.பி. அதில் சுருக்கிய மாதிரிகளை ஓட்டிப் பார்க்கலாம், பயிற்சிக்குப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கூகுள் கோலாபில் இலவசமாகக் கிடைக்கும் டி4 கார்டுக்கே 16 ஜி.பி. நினைவகம் உண்டு, நேர வரம்போடுதான் என்றாலும். பாடத்திட்டத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் மெல்லிய லேப்டாப்பும் நல்ல இணைய இணைப்பும் ஒழுங்காக வேலை செய்யும்.

விளையாட்டுகளிலும் எல்லாவற்றுக்கும் கேமிங் லேப்டாப் தேவை என்பதில்லை. வேலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகள் எளிய கணினியிலும் ஓடும்படி எழுதப்பட்டவை. ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் வினாடிக்கு 60 படங்கள் சாதாரணமாக வரும். 2023 முதல் வந்த ரைசன் ப்ராசசர்கள் சிலவற்றிலுள்ள ரேடியான் 780எம் பகுதியும், இன்டெல் கோர் அல்ட்ராவின் ஆர்க் பகுதியும் ஜி.டி.ஏ. 5 வயதுள்ள விளையாட்டுகளைத் தயக்கமின்றி ஓட்டுகின்றன. சைபர்பங்க் 2077 போன்றவற்றை அழகு குறையாமல் ஆட விரும்புபவருக்குத்தான் தனிக் கார்டு. அவர் எஸ்.எஸ்.டி. அளவையும் கவனிக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜி.பி. இடம் கேட்கிறது. திரையின் புதுப்பிப்பு வேகமும் இவர்களுக்கே முக்கியம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி வினாடி; 144 ஹெர்ட்ஸில் 6.9. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இது கைக்கே தெரியும். பாடம் படிப்பவருக்கு ஸ்க்ரோல் செய்யும்போது கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரே விலையில் இரண்டு வகைகளையும் பக்கத்தில் வைத்தால், பணம் எங்கே போயிருக்கிறது என்பது புலப்படும். கேமிங் லேப்டாப்பில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் குளிர்விப்புக்கும் போய்விடும். விலையைக் கட்டுக்குள் வைக்க நிறுவனம் மற்றவற்றில் கைவைக்கும். பிளாஸ்டிக் உடம்பு, சுமாரான வெப்கேம், தட்டையான ஒலி. மிகவும் இழப்பது திரை. குறைந்த விலை கேமிங் மாடல்கள் பலவற்றில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.', '250 நிட்ஸ்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். நிறங்கள் வெளிறித் தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்தே மங்கும் என்று இதற்கு அர்த்தம். புகைப்படமோ டிசைனோ செய்பவர் '100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்று எழுதியிருக்கும் திரையைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. மெல்லிய லேப்டாப்பில் அதே பணம் உலோக உடம்புக்கும், 300, 400 நிட்ஸ் வெளிச்சமுள்ள திரைக்கும், சில மாடல்களில் ஓ.எல்.இ.டி.க்கும் போயிருக்கும். வலிமையும் மெலிவும் நல்ல திரையும் ஒரே உடம்பில் வேண்டுமென்றால் கிடைக்கும்; சாதாரண கேமிங் லேப்டாப்பின் விலையில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும்.

பின்னாளில் மேம்படுத்தும் வசதியில் கேமிங் வகையே முந்தி நிற்கிறது. அதில் ரேம் பெரும்பாலும் தனித் துண்டாகச் செருகியிருக்கும், எஸ்.எஸ்.டி.க்கும் பல மாடல்களில் இரண்டு இடங்கள் உண்டு. இன்று 16 ஜி.பி.யோடு வாங்கிவிட்டு, இரண்டு வருடம் கழித்துச் சென்னை ரிச்சி தெருவிலோ ஊரிலுள்ள சர்வீஸ் கடையிலோ இன்னொரு 16 போட்டுக்கொள்ளலாம். மெல்லிய வகையில் ரேம் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தகைய மாடலில் வாங்கிய அன்று உள்ள அளவுதான் கடைசிவரை. ஆகவே மெல்லிய லேப்டாப்பில் 8 ஜி.பி. மாடலை மலிவாகக் கிடைக்கிறதென்று எடுப்பது வீண். ப்ராசசரில் ஒரு படி இறங்கியாவது 16 ஜி.பி. எடுப்பதே நாலு வருடம் தாங்கும்.

ஃபேன் சத்தத்தை விலைப்பட்டியல்கள் சொல்வதில்லை. முழு வேகத்தில் ஓடும் கேமிங் லேப்டாப் 50 டெசிபலை எட்டும். மூவர் தங்கும் ஹாஸ்டல் அறையில் இரவு ஒரு மணிக்கு அது மற்ற இருவரையும் எழுப்பிவிடும். நூலகத்திலும் மீட்டிங்கிலும் கூச்சம் தரும். 'சைலன்ட்' முறைக்கு மாற்றினால் சத்தம் அடங்கும், அதோடு வாட்டும் அடங்கும்.

இரண்டில் ஒன்று என்று முடிவு செய்ய முடியாதவர்களுக்கு நடுவழிகள் உண்டு. வீட்டில் ஓர் இடம் நிரந்தரமாக இருந்தால், கேமிங் லேப்டாப்புக்கு வைத்திருக்கும் பணத்தைப் பிரித்து ஒரு நடுத்தர மேசைக் கணினியும் ஒரு எளிய மெல்லிய லேப்டாப்பும் வாங்குவது பலருக்கும் சிறந்த ஏற்பாடு. மேசைக் கணினியில் கார்டு அதே பெயருக்குக் கூடுதல் வாட்டில் ஓடும், சூடும் சத்தமும் குறையும், கார்டை மட்டும் மாற்றி இன்னொரு ஐந்தாண்டு ஓட்டலாம். அடுத்தது, 14 அங்குல கேமிங் மாடல்கள், எடை 1.5 முதல் 1.8 கிலோ, விலை கூடுதல். தண்டர்போல்ட் துளை வழியே வெளியே தனிக் கார்டை இணைக்கும் முறையும் இருக்கிறது. பெட்டிக்கும் கார்டுக்கும் ஆகும் செலவைப் பார்த்தால் மேசைக் கணினியே மேல்.

முடிவு செய்தபின் கடையில் பார்க்க வேண்டியவை சில. கார்டின் வாட் எண், ரேம் கழற்றக்கூடியதா, திரையின் நிற அளவும் நிட்ஸும், டைப்-சி சார்ஜ், சார்ஜரோடு சேர்த்து எடை. காட்சிக்கு வைத்திருக்கும் மாடலை எடுத்துப் பையில் போட்டு, சார்ஜரையும் போட்டு, தோளில் மாட்டிக் கடைக்குள்ளேயே நாலு சுற்று நடந்து பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்கலாம். படித்தறிந்த கிலோவுக்கும் தோள் அறிந்த கிலோவுக்கும் வேறுபாடு இருக்கிறது.

வாங்கியபின் இரண்டு வகைக்கும் பராமரிப்பு வேறு. கேமிங் லேப்டாப்பை மெத்தை மீதோ தலையணை மீதோ வைத்து ஓட்டினால் அடிப்பக்கக் காற்றுவழி அடைபட்டுவிடும். மேசை மீது, பின்பக்கம் சற்றே உயர்த்தி வைக்க வேண்டும். நம் ஊர்த் தூசிக்கு வருடம் ஒருமுறை அடிமூடியைத் திறந்து ஃபேனையும் தகடுகளையும் சுத்தம் செய்வதும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட் மாற்றுவதும் அவசியம். முன்னே ஓடிய விளையாட்டு இப்போது திணறுகிறது என்று புது லேப்டாப் தேடுபவர்களில் பலருக்கு இந்தச் சுத்தமே போதும். எப்போதும் பிளக்கில் கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி லெனோவோ, ஏசஸ் போன்ற நிறுவனங்களின் மென்பொருளிலேயே இருக்கிறது. முழுக்க நிரம்பிய நிலையும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி விரைவில் கெடும் என்பதால் கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர் முதல் நாளே அதைப் போட்டுவிட வேண்டும். மெல்லிய லேப்டாப்பில் கண்காணிக்க வேண்டியது டச்பேட். அது ஒரு பக்கம் மேலெழும்பினாலோ, அழுத்தும்போது 'கிளிக்' விழாமல் இறுகினாலோ, அடியிலுள்ள பேட்டரி உப்புகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது சார்ஜ் போடுவதை நிறுத்தி, அன்றே சர்வீஸ் சென்டரில் காட்டி பேட்டரியை மாற்றிவிட வேண்டும்.